ஏற்கெனவே உள்ளது

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி, இந்தப் பையக் காலுக்கடியில வச்சுக்கிடுதேன். மேல வச்சா இந்த டிரைவர் போடுற பிரேக்குக்கு யார் மண்டையிலயாவது விழும். நான் புளியங்குடி வரைக்கும்தான். நீங்க? கடையநல்லூரா, நல்லதாப் போச்சு.

அங்க பாத்தியளா, டிரைவர் தலைக்கு மேல? 'பயணச்சீட்டு இன்றி பயணம் செய்வது குறம்.' குறமாம்! 'ற்' எங்கலே போச்சு? அழிஞ்சிட்டுங்கியளா? அழிஞ்சா திருப்பி எழுதணும்லா. தினம் எத்தன சனம் ஏறி இறங்குது, ஒருத்தன் கண்ணுல படுதா? படாது. 'இன்றி'க்குப் பொறவு ஒரு 'ப்' வரணும், அத விடுங்க, அது பெரிய படிப்பு. எனக்கு இதெல்லாம் கண்ண உறுத்தும். என் கண்ணு அப்படி.

தொழிலே அதுதான் அண்ணாச்சி. பேரு இசக்கியப்பன். சங்கரன்கோவில்ல கேஸ் ஏஜென்சில கம்ப்யூட்டர் எல்லாம் நான்தான். சிலிண்டர் தூக்குற ஆள்னு நெனச்சிராதிய. டேட்டாபேஸ். இங்க இருந்து புளியங்குடி வரைக்கும் யார் யார் வீட்ல கேஸ் இருக்கு, எந்தத் தெரு, வீட்ல யார் யாரு, எல்லாம் அதுக்குள்ள இருக்கு. நான் கட்டுனது. முதலாளிக்கு அதுல ஒரு எழவும் தெரியாது. ஆறுமுகநயினார்னு பேரு, பேருக்கு ஏத்த மாதிரி ஒரு முகமாவது வேல பாக்கணும்லா, பாக்காது. கல்லாவுல உக்காந்து வெத்தல போடுவாரு.

இப்ப நீங்க புதுசா கனெக்‌ஷன் கேட்டு வாரிய. உடனே குடுத்துர முடியுமா? முடியாது. ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான். அதனால மொதல்ல கம்ப்யூட்டர்கிட்ட கேக்கணும்: இந்த ஆளு பேருல, இந்த ஆளு வீட்ல, ஏற்கெனவே உண்டா? உண்டுன்னா கிடையாது, போயிட்டு வாங்க. இல்லன்னா குடு. இந்தக் கேள்விக்குப் பேருதான் குவெரி. கேள்விய அது பாஷையில கேக்கணும், ஒரு புள்ளி பிசகக் கூடாது. பிசகுனா சின்டாக்ஸ் எரர்னு மூஞ்சில அடிக்கும். உன் வாக்கியமே தப்புல, போயி ஒழுங்கா கேட்டுட்டு வாங்கும். எனக்கு அந்த மிஷின்கிட்டப் பிடிச்சதே அதுதான். மனுசன மாதிரி 'பரவால்ல, புரிஞ்சிட்டு'ன்னு சொல்லாது.

ஸ்கிரீன்ல 'ஏற்கெனவே உள்ளது'ன்னு செவப்புல வரும். 'ஏற்கெனவே', 'கெ'. ஊர்ல ஒரு பய 'கெ' போட மாட்டான், எல்லாரும் 'ஏற்கனவே'ம்பான். எங்க ஏஜென்சி ஸ்கிரீன்ல மட்டும் சரியா இருக்கும். யாரும் கவனிச்சதில்ல, அது வேற விசயம்.

போன தீவாளி கழிஞ்சு பழைய கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் புதுசு போட்டாவ. மதுரையில இருந்து ஒரு பய வந்து மாட்டிட்டுப் போனான். தலைமுடி நட்டமா நிக்குது, பேண்ட் முட்டியில கிழிஞ்சிருக்கு, அதுவும் காசு குடுத்துக் கிழிச்சதாம். அவன் போன மறுநாள் கவுண்டர்ல யாரு பேரப் போட்டாலும் எரர், எரர், எரர். இருக்கா இல்லையான்னே கேக்க முடியல. வெளிய கூட்டம் கத்துது. முதலாளி வெத்தலையத் துப்பிட்டு, "என்ன இசக்கி, உன் படிப்பு அம்புட்டுதானா"ங்காரு. என்னப் பாத்து! 'கம்ப்யூட்டர்'ங்கத 'கம்பூட்டர்'னு சொல்லுற ஆளு!

அந்தக் குவெரிய லேப்டாப்புல ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வந்து, ஞாயித்துக்கெழம காலையில உக்காந்தேன். நீளமான குவெரி அண்ணாச்சி, கேள்விக்குள்ள கேள்வி, அதுக்குள்ள ஒரு கேள்வி. ஒவ்வொரு அடைப்புக்குறியா விரல வச்சுப் பாத்துக்கிட்டே வாரேன். அப்பப் பாத்து என் வீட்டுக்காரி, வடிவு, முழுப்பேரு சண்முகவடிவு, புளியங்குடியில ரத்தம் டெஸ்ட் பண்ணுற லேப்ல வேல, அவ பின்னால வந்து நிக்கா. நிக்கான்னு தெரியுது. நான் திரும்பல. திரும்புனா எண்ணிக்க விட்டுப் போகும்.

"போறேன்"ங்கா.

இங்க பாருங்க. வீட்ட விட்டு வெளிய போறவ என்ன சொல்லணும்? சின்னப் பிள்ளைக்குத் தெரியும்லா. 'போயிட்டு வாரேன்'. 'போறேன்'னு சொல்லலாமா? சொல்லப்படாது. நான் ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே, "ஏட்டி, தப்பாச் சொல்லுத. 'போயிட்டு வாரேன்'னு சொல்லு"ன்னேன். பொறவு மறுபடியும், "போறேன்"ங்கா. சரி, இதுக்குச் சொல்லிக்குடுத்தா ஏறாதுன்னு விட்டுட்டேன். கதவு சாத்துற சத்தம் கேட்டுது.

ஒரு அர மணி நேரத்துல பிடிச்சிட்டேன் அண்ணாச்சி! மூணாவது கேள்விக்கு ஒரு அடைப்பத் தொறந்திருக்கு, மூடவே இல்ல. எவனோ தொறந்தான், அப்படியே எந்திச்சுப் போயிட்டான். பழைய கம்ப்யூட்டர் வயசான ஆளு, கண்டுக்காம விட்டிருக்கு. புதுசு விடுமா? எழுதுனது யாருங்கியளா? எழுதுனது நான்தான். அது வேற விசயம். எழுதுற நேரத்துல கரண்ட்டு போயிருக்கும், இல்லன்னா எவனாவது கூப்பிட்டிருப்பான். ஒரு குறியப் போட்டேன், ஓட விட்டேன், தண்ணி மாதிரி ஓடுது. "ஏட்டி, கெடச்சிட்டு! ஒரு காப்பி போடு"ன்னு கத்துனேன். காப்பி வரல.

சரி, மார்க்கெட்டுக்குப் போயிருப்பான்னு அந்தச் சந்தோசத்துல இன்னொரு வேலையும் பாத்தேன். இந்தப் பொம்பளையள் ஒரு திருட்டு பண்ணுவாளுவ. கல்யாணம் ஆகும் முன்ன அப்பா இனிஷியல், ஆனப் பொறவு புருசன் இனிஷியல். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ரெண்டு ஆளு. பழைய இனிஷியலப் போட்டு இன்னொரு சிலிண்டர் வாங்கிருவாளுவ. இனி நடக்காது. இனிஷியல விட்டுட்டுப் பேரையும் பொறந்த தேதியையும் மட்டும் பாக்குற மாதிரி மாத்துனேன். எந்த இனிஷியல்ல ஒளிஞ்சாலும் பிடிச்சிரும்.

அவ சாயந்திரமும் வரல. பீரோவத் தொறந்து பாத்தா சேல இல்ல.

எதுக்குப் போனான்னு கேட்டியன்னா, எனக்குத் தெரியாது. ஆண்டவன் சத்தியமா தெரியாது. குடிப்பனா? கெடையாது. கை நீட்டியிருப்பனா? ஒரு நாள் கெடையாது. எங்க மாமனாரு ஆவுடையப்பன், ஆவணியில தவறிட்டாரு. சாவு வீட்டுக்கு மொத ஆளா ஓடுனது நான்தான். போயி நின்னு நிமிந்து பாத்தா தெரு முக்குல பேனரு, 'கண்ணிர் அஞ்சலி'. கண்ணிர்! அந்த மனுசன் வாத்தியாரா இருந்தவரு, அவரு படத்துக்குக் கீழ கண்ணிர்! விட முடியுமா? ஏணி எங்கயோ கெடச்சுது, ஏறி ஸ்கெட்ச்சு பேனாவால சுழியப் போட்டு விட்டேன். அதுக்குள்ள உடம்ப எடுக்கணும்னு கத்துதாவ, மருமகன் எங்க, மருமகன் எங்கங்காவ. ரெண்டு நிமிசம் பொறுத்தா என்ன? வடிவு அழுதுக்கிட்டே வாசலுக்கு வந்து ஏணியில நிக்கிற என்னப் பாத்தா. அப்படிப் பாக்கதுக்கு நான் என்ன பண்ணுனேன்? அவ அப்பாவுக்காகத்தான பண்ணுனேன்.

அதுக்குப் பொறவு பேச்சுக் கொறஞ்சிட்டு அவளுக்கு. ஒரு நாள் சோறு போடும்போது அவளா வாயத் தொறந்தா. "நேத்து அப்பா கனவுல வாராவ. வந்து..."ன்னு ஆரம்பிக்கா. 'நேத்து'ன்னா 'வாராவ'ன்னு சொல்லலாமா? "வாராவ இல்லட்டி, வந்தாவ. இறந்த காலம்"னேன். அவ்வளவுதான். கரண்டிய வச்சிட்டு எந்திச்சுப் போயிட்டா. வந்து என்ன சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. இதெல்லாம் ஒரு கோவமா அண்ணாச்சி? தப்பத் தப்புன்னு சொன்னா கோவமா?

நீங்க ஏன் வெளிய பாக்கிய? அந்தா தெரியுறது எலுமிச்சத் தோட்டம்தான். இனிமே ஊர் வார வரைக்கும் அதுதான்.

சொல்லுதேன் கேளுங்க. ஒரு மாசம் போயிருக்கும். ஏஜென்சில நான் உள் ரூம்ல இருக்கேன். கவுண்டர்ல மெகராஜ்னு ஒரு பொம்பளப் பிள்ள, அது உள்ள வந்து, "சார், புதுக் கனெக்‌ஷன் ஒண்ணு, செவப்புல வருது"ங்கி. எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. என் குவெரி மொத ஆளப் பிடிச்சிட்டு! "எந்தத் திருட்டுக் கழுதட்டி அது"ன்னு சத்தமாக் கேட்டுக்கிட்டே வெளிய வாரேன். மெகராஜ் என் முகத்தப் பாக்க மாட்டேங்கி.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் வடிவு நிக்கா.

ஸ்கிரீன்ல மேல 'ஆ. சண்முகவடிவு, புளியங்குடி'. கீழ செவப்புல, 'இ. சண்முகவடிவு, சங்கரன்கோவில், ஏற்கெனவே உள்ளது'. எம்புட்டுத் துல்லியம் பாத்தியளா! இனிஷியல மாத்திக் குடுத்திருக்கா, அப்படியும் பிடிச்சிட்டு. உள்ளதச் சொல்லுதேன், மொதல்ல எனக்கு வந்தது அந்தச் சந்தோசம்தான். பொறவுதான் மத்ததெல்லாம் வந்துது.

மெகராஜ் மெதுவாக் கேக்கி, "அக்கா, உங்க வீட்ல ஏற்கெனவே கனெக்‌ஷன் இருக்கா?"

"என் வீட்ல இல்ல"ங்கா.

"பொய்"னேன் நான். "இருக்கு. இந்தா ஸ்கிரீன்ல நிக்குது."

"அது அவிய வீட்ல இருக்கு"ன்னு மெகராஜப் பாத்துச் சொல்லுதா, நான் அங்க நிக்காத மாதிரி. "நான் புளியங்குடியில தனியா வீடு எடுத்திருக்கேன். அங்க இல்ல."

வரிசையில நிக்கிற சனம் பூரா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி. நான் விடல. "மொதல்ல இனிஷியலே தப்பு. 'ஆ'ன்னா ஆவுடையப்பன். கல்யாணம் ஆன பொம்பள 'இ'ன்னு போடணும்"னேன். "என் அப்பா பேரு எப்பத் தப்பாச்சு?"ன்னு கேக்கா. கேள்விக்குப் பதில் சொல்லாமக் கேள்வி கேக்கதுதான் இவ பழக்கம்.

முதலாளி கல்லாவ விட்டு எந்திச்சு வந்தாரு. அதிசயம்! "இசக்கி, உங்க வீட்டுக் கனெக்‌ஷன்ல இருந்து அந்தப் பிள்ள பேர எடுத்துரு. செவப்பு போயிரும்லா? அது ஸ்டவ்வு இல்லாம மாசம் பூரா கடையில இட்லி தின்னுக்கிட்டுக் கெடக்காம்"னாரு. "முடியாது"ன்னேன். "ஏன் முடியாது?" "முடியாதுன்னா முடியாது."

அவ கேட்டுக்கிட்டு நின்னா. பொறவு பைய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, "சரி, போறேன்"னா. மறுபடியும் பாருங்க! அத்தன பேர் முன்னால! "ஏட்டி, எத்தன தடவ சொல்ல? 'போயிட்டு வாரேன்'னு சொல்லத் தெரியாதா?"ன்னேன்.

வாசல்ல நின்னு திரும்பி அப்பத்தான் என் மூஞ்சியப் பாத்தா. "சொல்லத் தெரிஞ்சுதான் சொல்லுதேன்"னா. போயிட்டா.

நான் ரூமுக்குள்ள போயி உக்காந்தேன். முதலாளி பின்னாலயே வந்து, "நீ எடுக்குதியா, இல்ல மதுரைப் பயல வரச் சொல்லட்டுமா"ங்காரு. அந்தக் கிழிஞ்ச பேண்டுப் பய வந்து என் டேட்டாபேஸத் தொடவா? சரின்னு எங்க வீட்டுக் கணக்கத் தொறந்தேன். அவ பேரு மேல கொண்டு போயி வச்சேன். 'டிலீட்'னு அடிக்கணும், ஒரு வரிதான். அது ஒரு கஷ்டமான குவெரியே இல்ல அண்ணாச்சி, எந்த முட்டாளும் எழுதிருவான். எனக்குக் கை வரல. உசுரோட இருக்கவ அண்ணாச்சி. என் கையால எப்படி இல்லன்னு அடிப்பேன்? சொல்லுங்க.

அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. ஒரு வீட்டுக்கு ஒண்ணு, அதுதான ரூலு? அவ பேர எதுக்கு எடுக்கணும்? என் கனெக்‌ஷனையே சரண்டர் பண்ணிட்டா? என் பேரு, வீடு, எல்லாம் மொத்தமாப் போயிரும். பொறவு தேடுனா செவப்பு வராது, அவளுக்குக் கெடச்சிரும். முதலாளிக்குத் தோணுச்சா இந்த வழி? மதுரைப் பயலுக்குத் தோணுமா? எவனுக்கும் தோணாது. வீட்டுக்குப் போயி சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கழத்தி நானே ஆட்டோவுல கொண்டாந்து வச்சேன். என் பேர நானே அழிச்சேன். மறுபடியும் 'சண்முகவடிவு'ன்னு போட்டுத் தேடுனேன். ஒரு எரர் இல்ல, 'இல்லை'ன்னு பச்சையில வந்துது. வாக்கியம் அம்புட்டு சுத்தம்.

சிரிக்காதிய. ஆமா, இப்ப நான்தான் கடையில இட்லி திங்கேன். சட்னியா அது? தண்ணிக்குள்ள ரெண்டு கடுகு. போர்டுல 'சுவையான உனவு'ன்னு எழுதியிருக்கான். உனவு! சொன்னா, "பிடிச்சாச் சாப்பிடுங்க சார்"ங்கான். வீட்டுக்கு வந்தா வெறிச்சுன்னு கெடக்கு அண்ணாச்சி. ஏதாவது தப்பாப் பேசக்கூட ஆளு இல்ல. டிவியப் போட்டு நியூஸ்காரன் தப்பு விடுதானான்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவனும் விடுதான், ஆனா அவனுக்கு நான் சொல்லுறது கேக்காதுலா.

போன வாரம் ஒரு தடவ அவ வீட்டுக்குப் போனேன். எதுக்கா? கனெக்‌ஷன் ஒழுங்கா மாட்டியிருக்கான்களா, ஓஸ் பைப்புல கசிவு இருக்கான்னு பாக்கணும்லா, என் வேலையாச்சே. கதவு சாத்தியிருக்கு. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பாத்து, "யாரு வேணும்"ங்கி. "இ. சண்முகவடிவு இருக்காளா?"ன்னேன். உள்ள போயிட்டு வந்து, "அப்படி யாரும் இங்க இல்லையாம்"ங்கி. இல்லையாம்! வாசல்ல அவ செருப்பு கெடக்கு, வலது வாரு தச்சிருக்கும், எனக்குத் தெரியாதா? உள்ள குக்கரு விசில் அடிக்கி. பருப்பு வேகுற வாசன வெளிய வருது. பொய் சொல்லக்கூட ஒழுங்கா வரல அந்தப் பொம்பளைக்கு. ஆனா பதிலு 'இல்ல'ன்னு வந்துட்டா இல்லதான? நானும் வந்துட்டேன்.

அன்னைக்குத் திரும்பி பஸ்ல வரும்போது பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன். செருப்பு இருக்கு, விசில் இருக்கு, பதிலு மட்டும் இல்லன்னு வருதுன்னா எங்க தப்பு? இத்தன வருசம் இதே தொழில்தான பாக்கேன். பதில்ல தப்பு இருக்காது அண்ணாச்சி. கேள்வியில இருக்கும். 'இ'ன்னு கேட்டேம்லா. 'இ'ய நான்தான் சரண்டர் பண்ணி அழிச்சிட்டனே, பொறவு எப்படி வரும்? அந்தப் பேருல அங்க யாரு இருக்கா?

இன்னைக்கு மாத்திக் கேக்கப் போறேன். 'ஆவுடையப்பன் மக வடிவு இருக்காளா'ன்னு கேப்பேன். தொறந்தான்னா, உங்க அப்பா கனவுல வந்து என்ன சொன்னாவன்னு கேப்பேன். 'வாராவ'ன்னே சொல்லட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். தொறக்க மாட்டேம்ங்கேன், நம்ப மாட்டியளா?

தொறக்கலன்னாவா? அந்தச் செருப்புக்குப் பக்கத்துல உக்காருவேன். பக்கத்து வீட்டு அம்மா வாசல்ல 'நாய்கள் ஜாக்கிறதை'ன்னு ஒரு போர்டு தொங்குது, பெரிய 'ற'. அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அந்தா பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. கால எடுங்க, பைய எடுத்துக்கிடுதேன். கனமாத்தான் இருக்கும் அண்ணாச்சி, உடுப்பு பூரா இதுக்குள்ளதான் இருக்கு. வீட்டுச் சாவிய வீட்டுக்காரர்கிட்டயே குடுத்துட்டேன். அடுப்பு இல்லாத வீட்டுக்கு எதுக்கு வாடக?

சரி அண்ணாச்சி, போறேன்.

என்ன? 'போயிட்டு வாரேன்'னு சொல்லணுமா? எனக்கா சொல்லிக் குடுக்கிய?

இல்ல அண்ணாச்சி. சொல்லத் தெரிஞ்சுதான் சொல்லுதேன்.